உரிமையாளர் பெயர்

பள்ளத்தூர் பேரூராட்சியில்
வீட்டை வாடகைக்கு விட உரிமம் கேட்டேன்.
உரிமையாளர் பெயருக்குப் படிவத்தில்
ஒரே ஒரு வரி.
எங்களுக்குப் பதினேழு பங்கு.

"தனித்தாளில் எழுதி
எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்,"
என்றார் எழுத்தர் ஸ்டெல்லா.
"அறை எத்தனை?"
எண்ணியதில்லை.
"கழிப்பறை?"
ஒன்று.
நிமிர்ந்து பார்த்தார்.

தீ பிடித்தால் வெளியேற வழி காட்ட வேண்டுமாம்.
முன்வாசலில் நின்றால்
பின்தெருவில் போகும் சைக்கிள் தெரியும்.
அதற்கும் சான்று கேட்டார்கள்.

சிகப்பியின் மகன் ஈப்போவிலிருந்து அனுப்பிவிட்டான்.
கிணற்றடிச் சாவிக்காகப் பேச்சை விட்ட சோலையப்பனும்
பேசாமலே போட்டுவிட்டான்.
பதினாறு ஆயிற்று.

பேனா மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
ஒருத்தராவது மறுப்பார்கள்
என்று நம்பித்தான்
அன்றைக்குப் படிவம் வாங்கினேன்.