ஊற்று

வேலூர்க் கச்சேரியில் குமாஸ்தா கேட்டார்:
"எந்தப் பட்டாளம்?"
பினாங்கில் சேர்ந்தார் என்றேன்.
"அது நம்ம பேரேட்டில் இல்லையேம்மா."

பால்மரம் வெட்டப் போனவர்.
காக்கியில் எடுத்து அனுப்பிய படத்தில்
பூட்ஸ் மட்டும் இரவலாம்.
சிங்கப்பூர் விழுந்த மாசியில்
ஜப்பான்காரன் எண்ணிய தலைகளில்
முனிரத்தினமும் ஒன்று.

கூடவே அடைபட்டிருந்த
குடியாத்தத்து வஹாப் பாய் சொன்னது:
கடைசி மூன்று நாள் காய்ச்சலில்,
கொட்டுகிற மழையில் குந்தி
வெறுங்கையால் மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தாராம்.
என்னடா என்றால்
"தண்ணி கசியுது,
குப்பும்மாகிட்ட குடம் கேளு."

பள்ளிகொண்டா பாலாற்றில்
இன்றைக்கும் மணலைத் தோண்டினேன்.
முழங்கை ஆழத்தில் ஊறியது.
முதல் தண்ணி கலங்கல்.
இறைத்துக் கொட்டிவிட்டுத்
தெளியட்டும் என்று
உட்கார்ந்திருக்கிறேன்,
குடத்தோடு.