மட்டந்தட்டல்

பத்தரமுல்லையில் ஒன்பதாம் மாடி, குளிரூட்டிக்கு நேர்கீழே
என் நாற்காலி. உலக நாடுகளின் சுட்டெண்ணில்
எங்கள் நாட்டின் எண்களைச் சரிபார்ப்பது வேலை.
ஆயுள், படிப்பு, வருமானம்.
மூன்றுக்கும் சம நிறை.
ஏன் சமம் என்று கேட்டேன், சேர்ந்த முதல் மாதம்.
"வேறென்ன போடுவது?" என்றார் கலப்பத்தி சேர்,
தேநீரில் சீனி கலக்கியபடி.
பதினாறு வருடமாகிறது. அதைவிட நேர்மையான பதிலை
எந்த அறிக்கையிலும் நான் வாசிக்கவில்லை.

களத்துக்கு ஆள் போதாத ஒரு மே மாதம்
என்னையும் அனுப்பினார்கள்.
தெமட்டகொடை. குடிசைகளை இடித்துக் கட்டிய தொடர்மாடி.
பதினோராம் மாடியில் ஸித்தி மஸாஹிரா கதவைத் திறந்தபோது
என் மூச்சு நான்காம் மாடியில்தான் வந்துகொண்டிருந்தது.

மகன் எத்தனை வருடம் படித்தார்?
பதினொன்று.
"அதுல ரெண்டு வருஷம், மிஸ்,
ஒரு போன மூணு புள்ளைகள் மாத்தி மாத்திப் பாத்த வருஷம்.
அதையும் முழுசாவா எழுதுவீங்க?"
முழுதாகத்தான் எழுதினேன். கட்டத்தில் பாதிக்கு இடமில்லை.

கணவருக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்.
தூக்கி இறக்க இரண்டு பையன்கள், ஒரு மணித்தியாலம்.
ஆயுள் நிரலில் அவருக்கு ஒரு குறையும் இல்லை:
உயிரோடு இருக்கிறார்.
"லிப்ட எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

பத்துத் தீக்குச்சிகளைக் கொடுத்தேன்,
எது எவ்வளவு பெரிது, நீங்களே பங்கிடுங்கள் என்று.
ஆறை லிப்டுக்கு வைத்தார். மூன்றைப் படிப்புக்கு.
ஒன்றை அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டார்.

முன்பு கூட்டி மூன்றால் வகுத்தோம்.
கூட்டலிடையில், யாரையும் கேட்காமல்
பணம் வந்து நோயின் கடனை அடைத்துவிடும்.
இப்போது பெருக்கிக் கனமூலம் எடுக்கிறோம்.
ஒன்று விழுந்தால் மற்றதையும் சட்டையைப் பிடித்து இழுக்கும்.
நல்லதுதான். ஆனால் பெருக்குவதற்கு முதலில் எண் வேண்டுமே.
கொள்ளுப்பிட்டியில் நாய்க்கு முடிவெட்டிய காசையும்
மஸாஹிராவின் காஸ் சிலிண்டரையும்
தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்து
மடக்கையில் மடக்கி வைத்திருக்கிறோம்.
ஏற்றத்தாழ்வைக் கழித்த வரிசை ஒன்றும் உண்டு.
பின்னிணைப்பில்.

அன்றிரவு தீக்குச்சி நிறைகளைப் போட்டுப் பார்த்தேன்.
மறுநாள் சேர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.
"ஒரேயொரு கட்டிடம். மூன்றாம் தசமத்தில்தானே அசைகிறது?
மட்டந்தட்டிவிடுங்கள்."
அவர் சொன்னது சிங்களத்தில்.
அதைத் தமிழில் கேட்டது நான்தான்.
பள்ளிக்கூடத்தில் அது ஒரு கணக்கு;
வெளியே அதற்கு வேறு பொருள்.

மட்டந்தட்டினேன்.

மாலையில் படிகளால் இறங்கினேன், எண்ணியபடி.
எங்கள் மின்தூக்கி நன்றாகத்தான் வேலை செய்தது.
ஐந்தாம் மாடியில் யாரோ வணக்கம் சொன்னார்கள்,
எண்ணிக்கை தவறிவிட்டது.