கேட்காத இரண்டெழுத்து

நுங்கம்பாக்கத்தில் ஆறரை மணி பிரெஞ்சு வகுப்பு.
ஷிஃப்ட் முடிந்து நேரே வந்த கையில்
இன்னும் ஸ்பிரிட் வாசனை.

‘ஜ ம லே லாவ்.’
நான், எனக்கு, அவற்றை, கழுவுகிறேன்.
மூன்று பேர் வரிசையில் நின்ற பிறகுதான்
வினை வாய் திறக்கிறது.
எங்கள் ரேஷன் கடையில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

‘என் கைகளை’ என்று சொல்லக் கூடாதாம்.
‘எனக்குக் கைகளை.’
யாருடையவை என்று வாக்கியத்துக்கே தெரியுமாம்.

தமிழில் இது எங்கே இருக்கிறது என்றான்
பக்கத்து இருக்கை இம்தியாஸ்.
நமக்கு ஒரு ‘கொள்’ போதும்.
கழுவிக்கொள், கேட்டுக்கொள்.
‘பார்த்துக்கோங்க சிஸ்டர்’ என்றுதான்
எல்லோரும் விட்டுப்போகிறார்கள்.

இறந்தகாலத்தில் மட்டும் ஒரு சங்கதி:
கைகள் வினைக்குப் பின்னால் வந்தால்
ஒன்றும் மாறாது.
முன்னால் வந்துவிட்டால்
வினையின் வாலில் இரண்டெழுத்து கூடும்.
கைகள் அங்கே பெண்பால், பன்மை.
எழுத வேண்டும்; உச்சரிக்கக் கூடாது.

நேற்று நான்காம் கட்டில் காலி.
உறையைக் கழற்றி
முழங்கை வரை கழுவினேன்.
அப்புறம் இன்னொரு முறை.
தணிகாசலம், அறுபத்தொன்று.
மகளுக்கு நான்தான் போன் செய்தேன்.

‘கைகளைக் கழுவிக்கொண்டாயா?’
இன்றைய பயிற்சித்தாளில் ஏழாம் கேள்வி.
‘ஜ ம லே சுய் லவே’ என்று எழுதினேன்,
கேட்காத அந்த இரண்டெழுத்தையும் சேர்த்து.
சரி போட்டார்கள்.

தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.
கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.