ஒன்றே முக்கால் நொடி

கிளைபேடா. மீன் சந்தைக்குப் பின்னால்
கைப்பேசி பழுதுபார்க்கும் கடை.
பிப்ரவரி என்பதால் தெருவெல்லாம் வெள்ளரிக்காய் வாசம்.
வெள்ளரி இல்லை, ஸ்டின்டா மீன்.

ரிம்வீதஸ் கையுறையைக் கழற்றாமலே
நினைவக அட்டையை மேசைமேல் வைத்தான்.
"இதற்குள் என் மைத்துனன் இருக்கிறான்,
கின்டவ்டஸ். கயிற்றை விட்டவன்.
திறந்து காட்டு, போதும்.
மற்றதை என் அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

மூன்று புள்ளி ஏழு ஜிபி.
எதில் ஓட்டினாலும் கறுப்புத் திரை.

ஸ்காய்ஸ்தே சொன்னாள்:
கேமரா ஒரு மாதிரியான எழுத்தாளன்.
பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போவான்.
எது எங்கே என்ற பொருளடக்கத்தை மட்டும்
நீங்கள் நிறுத்தச் சொன்ன பிறகுதான் எழுதுவான்.
உங்கள் பேட்டரி அதற்கு முன்பே
குளிரில் செத்துவிட்டது.

"அப்போ ஒன்றுமே இல்லையா?"

எல்லாம் இருக்கிறது.
எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுதான்
அதற்கே தெரியவில்லை.
இதே கேமராவில் எடுத்த முழுசான கோப்பு ஒன்று வேண்டும்,
என்ன கண்றாவியாக இருந்தாலும் சரி.

தொப்பியில் மாட்டியபடியே இருபது நொடி எடுத்தான்:
கெட்டில்,
திருகாணிகள் கிடக்கும் தயிர்க் கிண்ணம்,
அவளுடைய தும்மல்.

முன்பின் தெரியாத யாரோ எழுதி
விலை வைக்காமல் விட்ட நிரல்
தும்மலின் எலும்புகளை அளந்து பார்த்து
அதே கணக்கில்
குரோனியக் காயலை எழுப்பி நிறுத்தியது.

வெள்ளை. வெள்ளை. ஒரு துளை.
பிறகு வானம் சரிகிறது, தண்ணீர்,
விளிம்பில் குப்புறப் படுத்த கின்டவ்டஸ்,
கையில் கயிறு.
கை விடுகிறது.
வாய் திறந்திருக்கிறது.
"பலெய்ஸ்க்!" என்றொரு குரல். விடு!

"கேட்டாயா? பின்னால் நிற்கிறவர்களுக்குச் சொல்கிறான்,
இவனை விடு என்று."
அட்டையைப் பிடுங்கப் போனான்.

இருங்கள், என்றாள்.
முன்னே போனாள்.
துளை போடும் கடப்பாரை பனியில் இறங்குகிறது,
சில்லுகள் தெறிக்கின்றன,
சத்தம் இல்லை.
கடப்பாரை மேலே எழுந்த பிறகு: டக்.
அடுத்த குத்து. அதுவும் அப்படியே.
அதற்கடுத்ததும்.

ஒலிக்கும் ஒளிக்கும்
ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்பார்கள்.
இங்கே ஒன்றே முக்கால் நொடி.

எஃப்எஃப்எம்பெக், ஒரே வரி.
படத்தைத் தொடவில்லை,
ஒலியை மட்டும் அவ்வளவு முன்னால் தள்ளினாள்.
மூன்று குத்துகளும் இரும்பிலேயே ஒலித்தன.

மறுபடி: வானம், தண்ணீர், விளிம்பு.
கின்டவ்டஸின் பல் கடித்த தாடை,
உதடு இறுகி,
கயிறு இரண்டு சுற்று மணிக்கட்டில்,
அவன் நெஞ்சுக்குக் கீழே
பனி மயிரிழையாய்க் கீறுகிறது.
"பலெய்ஸ்க்!"
மூடிய வாய் அதைச் சொல்லியிருக்க முடியாது.
கை இன்னும் விடவில்லை.
ஒரு மூச்சு.
இன்னொரு மூச்சு.
பிறகுதான் விடுகிறது. வாய் பிளந்து
அவன் கத்துவது ஒரு பெயர்,
தண்ணீருக்குள்ளிருந்து பாதிதான் கேட்கிறது:
ரிம்வ்.

கெட்டில் கொதித்து அணைந்தது.
யாரும் எழுந்து போகவில்லை.

"பழையபடி ஆக்க முடியுமா?"

ஒரு எண்தான். சுழியம் போட்டால் பழையபடி.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கையுறையைக் கழற்றினான், முதலில் ஒன்று,
ரொம்ப நேரம் கழித்து மற்றது.

"அவன் போன் பழசு.
இவ்வளவு பெரியது போகாது."

சுருக்கினாள். அதற்குப் பதினோரு நிமிடம்.
மூலத்தை அப்படியே எம்.கே.வி.க்கு மாற்றிக் கொடுத்தாள்,
பாத்திரம் மாற்றுவதுதான், புதிதாகச் சமைப்பதில்லை.

கோப்புக்கு என்ன பெயர் வைக்க?

"தேதி போதும்," என்றான்.

பணத்தோடு
செய்தித்தாளில் சுற்றிய ஸ்டின்டா ஒரு கிலோ.
அவளுக்கு மீன் ஆகாது.
வாங்கிக்கொண்டாள்.