அட்டை

சேரம்பாடியில் மழைக்குப் பதினோராம் நாள்.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுகிறேன்.
செஃபுராக்சிம், எழுநூற்றைம்பது மில்லிகிராம்.
வெள்ளைப் பொடி தண்ணீர் பட்டதும் மஞ்சளாகிறது,
மூன்றாம் தடவை கொதிக்கவிட்ட
தேயிலைத் தூளின் சாயம்.

சவரியாயிக்கு நிமோனியா, வலப்பக்கம், அடியில்.
கொழுந்து பறித்துக் கறையேறிய கை.
அதில் நரம்பு கிடைக்க மூன்று முறை குத்தினேன்.

பென்சிலின் ஒத்துக்காதா என்று கேட்டதற்கு
"பேரெல்லாம் தெரியாது சிஸ்டர்.
மண்டபம் கேம்புல, கப்பல விட்டு எறங்குன வாரம்,
ஒரு ஊசி. ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு.
அதுக்கப்பறம் ஊசின்னாலே அப்பா சண்டைக்குப் போவாரு."

மூச்சு முட்டியதா? உதடு வீங்கியதா?
மயக்கம்?
ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பை
ஐம்பது வருடம் கழித்து விசாரிக்கிறேன்.
"அரிச்சுது. அம்புட்டுதான்.
மறுநாள் ரயிலேத்திட்டாங்க."

போனில் டாக்டர் பெள்ளிராஜ்:
"சொந்தம்தான், ஆனா பங்காளி இல்ல.
கிளை வேற. போடலாம்.
அஞ்சு நிமிஷம், மெதுவா. பக்கத்த விட்டு நகராதே..."
சிக்னல் போய்விட்டது.

நகரவில்லை.
அட்ரினலின் உடைக்காமல் தட்டில்.
ஊட்டிக்கு ஆம்புலன்ஸ் மூன்று மணி நேரம்,
யானை வழிவிட்டால்.

இருபதாவது நிமிடம்
அவள் காலைச் சொறிந்தாள்.

என் விரல் ஆம்பூலின் கழுத்தில்.
சேலையை விலக்கி டார்ச் அடித்தேன்.
அட்டை கடித்த பழைய புண்.
"இது தெனம் அரிக்கிறதுதான்" என்று சிரிக்கப் போய்
இருமி
துருநிறச் சளியைக் கிண்ணத்தில் துப்பினாள்.
நான் அப்போதுதான் டார்ச்சில் என் பல்தடத்தைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரைக்கு மாற்றினோம்.
காலையும் ராத்திரியும், சாப்பிட்டபின்,
உடைக்காமல்; உடைத்தால் கசப்பு நாக்கை விடாது.
வயிறு விடாமல் போனால் ஓடி வா.
அட்டை தீரும்வரை நிறுத்தாதே.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அட்டையைக் காட்டச் சொன்னேன்.
ஒரு ஓரம் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தது, நேர்கோடாக.
நான்கு மாத்திரை.
"எனக்குத்தான் நல்லாயிட்டுதே.
கீழ் லயத்து மோசசுக்கு ஒரே இருமல்..."
அவனுக்கு ஒத்துக்குமா?
"அத கேக்கலியே."

திட்ட ஆரம்பித்தால் இருட்டிவிடும்.
அவள் கையில் ஒரு அட்டையைத் தந்தேன், என் கையெழுத்தில்:
பென்சிலின், ஆறு வயதில், தடிப்பு, மூச்சுமுட்டல் இல்லை.
செஃபுராக்சிம், ஒத்துக்கொண்டது.
பத்திரம், ரேஷன் கார்டோடு வை.

பூட்சுக்கு உப்புத் தடவிக்கொண்டு
கீழ் லயத்துக்கு இறங்குகிறேன்.
சட்டைப்பையில் பேர் மட்டும் எழுதிய
இன்னொரு அட்டை.
கணுக்காலில் ஏதோ ஏறுகிறது,
குனிய நேரமில்லை.