பகல் நரி

உச்சி வெயிலில் வந்தது நரி.
கன்றுக்கும் எனக்கும் நடுவே நின்று
அவசரமில்லாமல்
என் கணுக்காலைத் தெரிவு செய்தது.

"நாயில்லையே, நரிதானே,
மஞ்சளை வை" என்றார் கோணேசர் அண்ணை.
துளசிகா குழாய்க்கிணறு அடிக்க
சவர்க்காரம் தேயத் தேயக்
கால் மணித்தியாலம் கழுவினேன்.
பிறகு லாண்ட்மாஸ்டர் பெட்டியில்
மல்லாவி ஆஸ்பத்திரி.
இன்னும் மூன்று ஊசி கிடக்கு.

மண்டையோடு கீறிய பலகை
முன்பு நின்ற கம்பத்தில்
பி.எச்.ஐ. நரிப்படம் ஒட்டியிருக்கிறார்.
சிவப்புக் கட்டை கண்டு
விலகி நடந்த சனம்
இதன்மேல் சைக்கிளைச் சாத்துகிறது.

நரியை அன்று துரத்தியது ரொக்கி.
ஊசி போடாத நாய்;
என் பிழை.
கொட்டிலுக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன்.
சோற்றை அகப்பைக் காம்பால் தள்ளிவிடுகிறேன்.
அது சோற்றைப் பார்க்கவில்லை.
என் கையை நக்கத்தான்
கயிறு முறுக இழுக்கிறது.