போக விடு

வேலந்தாவளம் சோதனைச் சாவடி
ஜிஎஸ்டி வந்த இரவோடு மூடிப்போனது.
பச்சை மை முத்திரை ஒன்றும்
பின்பக்கம் வெள்ளையாய் நானூறு படிவங்களும்
என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன.
திருட்டுதான். யாரும் கேட்கவில்லை.

அவற்றின் முதுகில் நாவல் எழுதுகிறேன்.
எகிப்து. நைல் கரையில் கொப்தோஸ்.
ரோமாபுரிக்கு அது கோதுமை அள்ளும் பத்தாயம்.
சுங்கத்தில் நிற்கும் சிப்பாய் லூப்புஸ்.
ஒட்டகத்திலிருந்து இறங்கும் நம் மலை மிளகை
கடலில் நனைந்ததா இல்லையா என்று
முகர்ந்தே சொல்கிற தயேசிஸ்.
நான்கில் ஒரு பங்கு வரி.
கட்டியதும் பானையோட்டில் மை தொட்டு எழுதுவான்:
'இன்னார் சரக்கு. போக விடு.'

அதுவரை எனக்குத் தெரிந்த வேலை.
தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்ப்பது,
எடை இடிக்கிறது என்று தெரிந்தும்
ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துவிட்டு
வேறெங்கோ திரும்பிக்கொள்வது.
எழுபது பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

இடறியது எழுபத்தொன்றில்.
முதல் சண்டை.
எந்த மொழியில்?

அவன் லத்தீன் அவளுக்கு வராது.
அவள் மொழியில் அவனுக்கு
'தண்ணீர்', 'எவ்வளவு', 'கையைத் தூக்கு',
இவ்வளவுதான்.
முத்தத்துக்கு அது போதும்.
சந்தைக் கிரேக்கத்தில் திட்டினாலோ
திட்டு பேரம் மாதிரி ஒலிக்கும்.

அடுக்களையில் சுகதன் மத்தி உரசுகிறான்.
கொழிஞ்சாம்பாறையில் பதினெட்டு வருஷக் குடித்தனம்.
சண்டையில் நான் தமிழில் ஏறுவேன்,
அவன் மலையாளத்தில் இறங்குவான்,
நடுவில் எங்கோ மாறிப்போய்
என் வசவு அவன் வாயிலும்
அவனுடையது என் வாயிலும் இருக்கும்.
'போ' மட்டும் இரண்டிலும் ஒன்று.
அதனால்தானோ என்னவோ
அதை இருவருமே சொன்னதில்லை.

கேட்டேன்:
உன் ராஜா என் ஊரைப் பிடித்து
நீ காவலுக்கு வந்திருந்தால்
என்னைக் கட்டியிருப்பாயா?

செதில் ஒட்டிய கையோடு யோசித்தான்.
'கட்டியிருப்பேன்.
நீ சம்மதிச்சது
பேடிச்சிட்டாணோ இஷ்டப்பட்டிட்டாணோன்னு
அறியாமலே செத்தும் போயிருப்பேன்.'
குழம்பைக் கிளறப் போய்விட்டான்.

பதிப்பாளருக்குக் கல்யாணம் வேண்டும்,
நைலில் நிலா வேண்டும்.
நிலாவைக் கொடுத்துவிட்டேன்.

நிலவில் லூப்புஸ் தூங்குகிறான்.
தயேசிஸுக்கு எழுத்துத் தெரியாது.
ஆயிரம் தடவை அவன் எழுதிப் பார்த்த வரி
அவளுக்கு ஒரு படம், ஒரு பூச்சியின் கால்தடம்.
அதை ஓட்டில் கோணலாய் வரைந்து
அவன் தலைமாட்டில் வைக்கிறாள்.
சரக்கின் பெயர் வரவேண்டிய இடம் காலி.

யாரை யார் விடுவது என்று
விடிந்தபின் அவனுக்குப் புரிந்ததா?
எழுதவில்லை.

தாளைத் திருப்பினேன்.
கோழித் தீவனம், இருநூறு சாக்கு,
கிணத்துக்கடவு முதல் சித்தூர் வரை.
சும்மா முத்திரையை எடுத்துக் குத்திப் பார்த்தேன்.
மை காய்ந்துபோயிருந்தது.